துரை பங்களாவுக்குப் புது பாய்லர்

புது பாய்லரின் வாய் ஓரங்குலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய குழாய் அரையங்குலம். ரப்பர் தோட்டத்துக் குழாய் பிட்டர் வாலண்டைன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேராதாண்ணே?" என்றாள் பங்களாவில் அடுப்பெரிக்கும் அங்கம்மா.

"சேரணும். இல்லேன்னா என் சோலி முடிஞ்சுது."

பழைய பாய்லர் எரிந்தும், ஒரு மாதமாகத் துரைக்குக் காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். சிங்கப்பூரிலிருந்து புது பாய்லரை வரவழைத்து, "சனிக்கிழமை காலையிலே சுடுதண்ணி இல்லே, நீ பால்மரம் வெட்டப் போ" என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் ஸ்பானர் பிடித்த கை ரப்பர் மரம் சீவும் பால்கத்தி பிடிப்பதா?

வாலண்டைன் இணைப்பில் ரப்பர் ஷீட்டைச் சுற்றி இறுக்கினார். தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? சூடேறியதும் ரப்பர் இளகித் தண்ணீரில் கலந்தது. அன்று மாலை குளித்து வந்த துரையின் முதுகிலிருந்து துண்டை உரிக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

"துரை மேல நல்ல மினுமினுப்புண்ணே."

"வாயை மூடு, அங்கம்மா."

குழாயை ஓரங்குலமாக மாற்றினார். தண்ணீர் வேகமில்லாமல் சொட்டியது. கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டியை ஆறடி உயர்த்தச் சொன்னது பாய்லரோடு வந்த தாள். உயர்த்தினார். கூரை விட்டம் வளைந்தது. அதன்பின் பங்களாவில் ஒரு கதவும் மூடவில்லை. துரை குளிக்கும் நேரத்தில் சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு நடமாடினார்.

"தாள்ல இன்னொரு குழாய் இருக்கேண்ணே?"

"ஆவி போற குழாய். கூரைக்கு மேல நிக்கணும்."

நிறுத்தினார். மழை புகாமலிருக்க நுனியை நசுக்கியும் விட்டார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது ஊதிய ஊதலில், வேலை முடிந்ததென்று தோட்டத்து ஆட்கள் இருநூறு பேரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். சிகாமட் ஸ்டேஷனில் நின்ற ரயிலும் அதைக் கேட்டுப் புறப்பட்டுவிட்டதாகப் பேச்சு.

"அலமாக்!" என்று அலறி வாலண்டைன் கூரையேறி, நசுங்கிய நுனியை அறுத்தெறிந்தார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அங்கம்மா தீ மூட்டினாள். ஐந்தரைக்கு வாலண்டைன் குழாயைத் திறந்தார். ஒழுகவில்லை, ஊதவில்லை, விரல் வெந்தது. வெந்த விரலாலேயே சிலுவை போட்டுக்கொண்டு கோப்பி குடிக்கப் போனார்.

ஆறரைக்குத் துரையின் குரல் தோட்டத்தையே உலுக்கியது.

"வாலண்டைன்!"

ஓடிவந்து குழாயடியில் கை வைத்தார். சில்லென்றிருந்தது. பதினெட்டு வருஷமும் அந்தத் தண்ணீரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வாசலில் அங்கம்மா காலி வாளியோடு, முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"உங்க கைக்குத் தங்கக் காப்புப் போடணும்ண்ணே! ஒரு மாசமா பழைய பாய்லர்ல அள்ளுன சுடுதண்ணி, ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போற பிள்ளைகள்ல பாதிக்குத்தான் பத்துச்சு, இன்னிக்கு இருபத்தெட்டும் குளிச்சிருச்சுங்க!"