ஒருமனதாக ஒரு நீலநார்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதெல்லாம் ஏதோ கைத்தவறுதலாக நடந்தவை. அறிவின் உச்சியில் ஏறி நின்று, நன்றாக யோசித்து, அது கண்டுபிடித்த ஒரே பொருள் விஞ்ஞான மாநாடுதான். நெருப்பு சுடும். சக்கரம் நசுக்கும். மாநாடு யாருக்காவது ஒரு கெடுதல் செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அந்த மாநாடுகளுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் நடந்தது 'செல்லிடைவெளி ஆய்வாளர்களின் ஒன்பதாவது மாநாடு'. நம் உடம்பு செல்களால் ஆனது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நாமெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது கவலைப்பட்டோமா? இவர்கள் கவலைப்பட்டார்கள். அங்கே ஒரு நார் வலை இருக்கிறது. செல்களைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நுரையீரலில் அந்த வலை கெட்டிப்பட்டுப் போனால் ஆளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். இதைப் பற்றிப் பேச நானூறு பேர், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் இலவசப் பையுமாக, மூன்று நாள் கூடினார்கள். மூன்று நாளில் பதினாறு முறை காபி குடித்தார்கள் என்பதிலிருந்தே உழைப்பின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த நானூறு பேரில் ஒருத்திதான் நம் 'கன்ட்ரோல்'. வீட்டில் வைத்த பெயர் வேறு. இது ஆய்வகத்தில் வைத்த பெயர். யார் எந்தச் சோதனை செய்தாலும் பின்னால் வந்து நின்று, "கன்ட்ரோல் போட்டீங்களா?" என்று கேட்டு உயிரை எடுப்பாள். தராசில் சாமானை வைப்பதற்கு முன் காலித் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்க்கிறோமில்லையா, அந்தச் சரிபார்ப்புக்குத்தான் ஆய்வகத்தில் 'கன்ட்ரோல்' என்று பெயர். பிஎச்.டி.யில் அவளுக்கு இது ஏழாம் வருஷம். இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏழு வருஷம் ஆகத்தான் செய்யும்.

அவளுடைய ஆய்வகத் தலைவரைப் 'பெரியவர்' என்பார்கள். நீலநாரைக் கண்டுபிடித்த மகான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள், நுரையீரல் கெட்டிப்பட்ட ஒரு நோயாளியின் சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சாயம் எதுவும் போடாமலே ஒரு நார் நீலமாக ஜொலித்தது. அன்றைக்கே அதற்குப் பெயர் வைத்தார், மறுமாதம் கட்டுரை எழுதினார், நோய்க்கே காரணம் அந்த நார்தான் என்று அறிவித்தார். அடுத்தடுத்து பதினோரு ஆய்வகங்கள் "எங்களுக்கும் தெரிகிறது, எங்களுக்கும் தெரிகிறது" என்று உறுதி செய்தன. நீலநாரைக் கரைக்க ஒரு மருந்தும் தயாராகிவிட்டது. அதை நாற்பத்திரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை: சேருகிறவர்கள் இதுவரை சாப்பிட்டுவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.

அந்த நாற்பத்திரண்டில் ஒருவர் கன்ட்ரோலின் அப்பா. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு காலத்தில் அவர் விசில் ஊதினால் இரண்டு தெரு தள்ளி நிற்கிற வண்டியும் கிளம்பிவிடும். இப்போது விசில் எங்கே ஊதுவது? ஒரு மெழுகுவத்தியை ஊதி அணைக்கவே மூன்று தடவை முயல வேண்டும். பழைய மாத்திரைதான் அவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது.

மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்பு அந்த அபசகுனம் நடந்தது. எந்த வகை செல் நீலநாரை நெய்கிறது என்பது கன்ட்ரோலின் ஆராய்ச்சி. பார்த்தால் எல்லா செல்லும் நெய்தது. நுரையீரல் செல் நெய்தது, தோல் செல் நெய்தது, செத்துப்போன செல்கூட சளைக்காமல் நெய்தது. அவளுக்கு எங்கோ இடித்தது. செல்லே வைக்காமல் வெறும் கண்ணாடித் தகட்டை வைத்துப் பார்த்தாள். அதிலும் நீலநார்!

தகட்டை எதனால் துடைத்தோம் என்று யோசித்தாள். தகடு துடைப்பதற்கென்றே தூசி விடாத தாள் உண்டு. அதற்கு விண்ணப்பம் போட்டால் கொள்முதல் பிரிவு ஒன்பது மாதம் கழித்து 'எதற்கு?' என்று திருப்பி அனுப்பும். அதனால் கை கழுவும் இடத்தில் தொங்குகிற கை துடைக்கும் பேப்பரைத்தான் எல்லாரும் கொத்தாக உருவிக்கொண்டு வருவார்கள். அதில் ஒரு துண்டைக் கிழித்து நுண்ணோக்கியில் வைத்தாள். அம்மாடி, நீலக் காடு! பேப்பர் பளிச்சென்று தெரிய அதில் ஏதோ சேர்க்கிறார்கள். ஒளி பட்டால் அது நீலமாக மின்னுகிறது. மற்ற பதினோரு ஆய்வகங்களிலும் கொள்முதல் பிரிவு இருந்தது, கை கழுவும் இடமும் இருந்தது.

பெரியவரிடம் ஓடினாள்.

"சார், நீலநார் உடம்புல இருக்கிற நாரே இல்ல. பேப்பர் தூசி."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, மேசையிலிருந்த அதே பேப்பரை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்ல பொண்ணு. எத்தனை தடவை பாத்த?"

"முப்பது தடவை."

"முப்பதெல்லாம் போதாதும்மா. அவசரப்படக் கூடாது."

"நீங்க கண்டுபிடிச்சப்போ எத்தனை தடவை பாத்தீங்க சார்?"

"ஒரு தடவை. ஆனா நல்லா பாத்தேன்."

மேசை மேல் அவளுடைய ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கான படிவம் ஐந்து மாதமாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடி உருண்டை. மூன்று இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். "மாநாடு முடியட்டும், போட்டுடலாம்" என்று அதைத் தடவிக் கொடுத்தார்.

"சார், நோயாளிங்க மாத்திரைய நிறுத்தணுமே. எங்கப்பாவும் அதுல இருக்காரு."

"பாத்தியா! உங்கப்பாவுக்கே நம்ம மேல நம்பிக்கை இருக்கு. பெத்த பொண்ணு நீ இப்படிப் பேசலாமா?"

என்ன ஒரு தர்க்கம்!

மாநாட்டின் கடைசி நாள் காலையில் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் ஆஸ்பத்திரியில், சம்மதப் படிவத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கையெழுத்து போட்டுடாதீங்க. எனக்கு அந்த மருந்துல சந்தேகமா இருக்கு."

"உனக்கு எதுலதான்..." மூச்சு வாங்கிக்கொண்டார். "எதுலதான் சந்தேகம் இல்ல? மொதப் பல் விழுந்தப்போ, திரும்ப முளைக்கும்னு எப்படித் தெரியும், உங்க பல்லைக் காட்டுங்கன்னு என் வாயைப் பொளந்து பாத்தவ தானே நீ."

"விளையாடாதீங்கப்பா."

"பதினோரு ஆய்வகம் தப்பா சொல்லுமா? சரி, ஒண்ணு செய்யறேன். சாயங்காலம் உங்க கடைசிக் கூட்டத்த இங்க டி.வி.ல நேரடியா காட்டறாங்களாம். சபையில நீ எந்திரிச்சு, இது சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் எழுந்து வீட்டுக்குப் போயிடறேன். சொல்லலைன்னா, போட்டுடறேன். நர்சம்மா பேனாவோட நிக்கறாங்க."

கன்ட்ரோல் சும்மா இருக்கவில்லை. படம் போட்டு விளக்கும் சுவரொட்டி ஒன்று அவள் பெயரில் இருந்தது. இந்த மாநாடுகளில் ஒரு உயர்ந்த மரபு உண்டு: சோதனை நடப்பதற்கு எட்டு மாதம் முன்பே அதன் முடிவை எழுதி அனுப்பிவிட வேண்டும். மாநாட்டு மலரில் இருந்தது அப்படி அவள் எப்போதோ அனுப்பிய முடிவு. சுவரில் அவள் ஒட்டியதோ நிஜமாக வந்த முடிவு. ஒரு பக்கம் வெறும் தகட்டின் படம், மறுபக்கம் பேப்பரின் படம், மேலே கொட்டை எழுத்தில்: 'நீலநார் என்பது கை துடைக்கும் பேப்பரே'. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படித்தான் எழுதுவது?

நடுவர் குழு வந்தது. தலைமை தாங்கியவர் மாநாட்டின் அவைத்தலைவி அம்மையார். பெரியவருக்கு இரண்டு மாதம் முன்பே நீலநாரைப் பார்த்தது தான்தான் என்று ஆறு வருஷமாகச் சண்டை போட்டுவருபவர்.

"என்னது, செல்லே இல்லாம உருவாகுதா?"

"உருவாகல மேடம். துடைக்கும்போது ஒட்டிக்குது."

"தானாவே ஒட்டிக்குது! எழுதுங்க, எழுதுங்க."

"மேடம், இது வெறும் பேப்பர். பேப்பர் மரத்துலேருந்து வருது."

"மரத்துலயும் இருக்கா!" அம்மையாருக்குக் குரல் தழுதழுத்தது. "மரத்துலயும் மனுஷன்லயும் ஒரே நார்! நூறு கோடி வருஷமா பரிணாமம் இத மாத்தவே இல்லையே!"

"ஐயோ மேடம், தலைப்பைப் படிங்களேன். தூசி! கை துடைக்கிற பேப்பரோட தூசி!"

"எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றார் அம்மையார் மற்ற நடுவர்களிடம். "நாமெல்லாம் இந்த வயசுல தூசியக்கூடக் கண்டுபிடிப்புன்னு சொல்லிக்கிட்டோம். இந்தப் பொண்ணு கண்டுபிடிப்பைத் தூசிங்குது."

அதற்குள் பெரியவர் அங்கே வந்துவிட்டார். தலைப்பைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது. அம்மையார் பேசியதைக் கேட்டதும் மலர்ந்தது. "செல் இல்லாம வெச்சுப் பாருன்னு நான்தான் சொன்னேன்," என்றார்.

சாயங்காலம் நிறைவு விழா. நானூறு பேர், ஒரு மேடை, எதிரே சிவப்பு விளக்கு எரிகிற கேமரா. சிறந்த சுவரொட்டிக்கான பரிசு கன்ட்ரோலுக்கு. கூடவே ஒரு தீர்மானம்: 'நீலநார், மரத்துக்கும் மனிதருக்கும் பொதுவான ஆதிநார் என்று இம்மாநாடு ஏற்கிறது, மருந்துச் சோதனை இன்றே தொடங்குவதை வரவேற்கிறது.' மேடையில் அவள் பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் கோட்டுப் பையிலிருந்து படிவத்தை லேசாக வெளியே இழுத்துக் காட்டினார்.

"ரெண்டு கையெழுத்து போட்டாச்சு," என்று காதோடு சொன்னார். "மூணாவது இங்கயே, எல்லார் முன்னாடியும் போடறேன்."

அம்மையார் ஒலிவாங்கியைக் கன்ட்ரோலிடம் நீட்டினார். "உங்க கண்டுபிடிப்பத்தான் தீர்மானமா போட்டிருக்கோம். சரிதானே? ஏதாவது கேள்வி, ஆட்சேபம்?"

வாழ்க்கை முழுக்க எல்லாரையும் கேள்வி கேட்டவள். ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பயமாக இருந்தது. ஏழு வருஷ உழைப்பு அந்தக் கோட்டுப் பையிலிருந்து இரண்டு விரற்கடை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையெழுத்து மட்டும் ஆகட்டும், நாளைக்கே எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிடலாம், அப்பாவிடம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு சமாதானம் சொல்லிற்று. நல்ல சமாதானம்தான். அங்கே கூடியிருந்த எல்லாருமே ஏதாவது ஒரு வருஷம், ஏதாவது ஒரு மேடையில், தங்களுக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம்.

கன்ட்ரோல் தலையாட்டினாள். "நன்றி," என்றாள்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மூன்றாவது கையெழுத்து விழுந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் வராந்தாவுக்கு ஓடிப் போன் செய்தாள்.

"பாத்தேம்மா," என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "அந்தம்மா கேட்டதுக்குத் தலையாட்டினியே, அப்பவே போட்டுட்டேன்."

"அப்பா! அது பேப்பர் தூசிப்பா! மாத்திரைய நிறுத்திடாதீங்க. இப்பவே போய் உங்க பேர அடிக்கச் சொல்லுங்க!"



"எப்போலேருந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"முப்பது வருஷம் வண்டியில நின்னேன்," என்றார் மெதுவாக. "டிக்கெட் இல்லாம ஒருத்தன் ஏறியிருந்தா அங்கயே விசில் ஊதுவேன். எல்லாரும் இறங்கிப் போனப்புறம் வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னதில்ல."

"தப்புதான்பா."

"என் பேர அடிச்சிடறேன், விடு. இங்க என்கூட உக்காந்து பாத்தவங்க..." இருமல் வந்து நின்றது. "கையெழுத்து போடலாமா வேணாமான்னு இருந்தாங்கம்மா. நான்தான், 'அதோ பாருங்க, என் பொண்ணு, அவளே சரிங்கறா'ன்னு காட்டினேன். எல்லாரும் போட்டுட்டாங்க. இனிமே நான் போய்ச் சொன்னா நம்புவாங்களா? சபையே ஒத்துக்கிட்டாச்சே."

பட்டியலில் இன்னும் நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் ஆய்வகத்தில் மகள் இல்லை.

மாநாட்டுக் குறிப்பேட்டைப் பிற்பாடு அழகாக அச்சிட்டார்கள். அதில் இப்படி இருக்கிறது: 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கேள்விகள்: இல்லை.'

அன்று கடைசியாகக் குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கன்ட்ரோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். படம் எடுப்பவர் லென்ஸில் தூசி என்றார். முன்வரிசையிலிருந்து பெரியவர் கை துடைக்கும் பேப்பர் ஒன்றை நீட்டினார். "அதால துடைச்சா நார் ஒட்டிக்கும் சார்," என்று மறுத்துவிட்டு, அவர் தன் பெட்டியிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துத் துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் சிரிக்கச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, படம் அபாரமாக வந்திருக்கிறது. முன்வரிசை நடுவில் பெரியவர், பக்கத்தில் அம்மையார், இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாகக் கையில் படிவத்தோடு கன்ட்ரோல். மூன்று நாள் மாநாட்டில் ஒழுங்காக நடந்த ஒரே ஆய்வு அதுதான் என்பேன். என்றைக்காவது அந்த நாற்பத்தோரு பேரின் வீட்டிலிருந்து யாராவது வந்து, "இத செஞ்சது யாரு?" என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட நானூறு முகமும் துல்லியமாக இருக்கிறது.