பாடிக்கு வெள்ளை அடித்த கதை

மூன்றாவது கோட்டிங்கும் பாழாய்ப் போயிற்று. மொட்டைமாடியில் காயவைத்திருந்த கிட்டாரின் வெள்ளைப் பெயிண்ட் மேல், எள்ளைத் தூவினாற்போல் ஆலைப் புகையின் கரித்தூள். சாலமோன் அண்ணாச்சி வானத்தை முறைத்தார். திருவொற்றியூர் வானம் இதற்கெல்லாம் வெட்கப்படும் ரகம் இல்லை.

அண்ணாச்சி இருபது வருஷமாகப் பெயிண்ட் கடை நடத்துகிறவர். எந்தச் சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் இன்றுவரை ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூடத் தன் கையால் அடித்ததில்லை. அவரை மாட்டிவிட்டது மகள் மகிமா வாங்கி வந்த பழைய எலெக்ட்ரிக் கிட்டார். ரத்தச் சிவப்பு நிறம். நடுவில் பல்லை இளிக்கும் மண்டையோடு. இந்தக் கோலத்தில் ஈஸ்டர் ஆராதனைக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஆயர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் நாளைக்கு.

"வெளிய குடுத்து அடிச்சுக்கலாம்ப்பா," என்றாள் மகிமா.

"பெயிண்ட் கடைக்காரன் மக பெயிண்ட் அடிக்க வெளிய போவாளாக்கும்? ஊரு சிரிக்காதா?"

மகிமா கம்பிகளைக் கழற்றி, கழுத்துப் பகுதியைத் தனியே எடுத்து வைத்து, வெறும் மரக்கட்டையை மட்டும் அப்பாவிடம் கொடுத்தாள். "பாடி பத்திரம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பாட்டு ஒத்திகைக்குக் கிளம்பிப் போனாள். அந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டில் அந்தக் கட்டைக்குப் பாடி என்றே பெயர்.

கரித்தூளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, அண்ணாச்சி பாடியைத் தெருப்பக்க அறைக்குக் கொண்டுவந்தார். தூசி நுழையாமல் ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணியை அடைத்தார். சீக்கிரம் காயட்டும் என்று தின்னரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு, ஸ்பிரே கன்னைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்து அமுக்கினார். பாதி பெயிண்ட் பாடியின் மேல் விழுந்தது. மீதிக்கு அவர் கிடைத்தார்.

மனைவி செல்லக்கனி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நேத்துல இருந்தே எனக்கு மண்டையிடி. இதுல நீங்க வேற."

"புலம்பாத. அந்த எக்ஸாஸ்ட் ஃபேனப் போடு."

ஃபேன் அறையிலிருந்த நெடியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் உறிஞ்சித் தெருவில் கொண்டுபோய்க் கொட்டியது.

கால் மணி நேரத்தில் கதவு தடதடவென்று அதிர்ந்தது. எதிர்வீட்டு அங்கம்மா. காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாய் விற்கிறவள். நாற்றத்துக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, மூக்கு கீதா இல்லியா உனக்கு? கேஸ் லீக்காவுது! தெருவே இருமிக்கினு கீது, நீ கதவ சாத்திக்கினு குந்திக்கினு கீற. நீதான சங்கத்து செயலாளரு?"

குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் அவர்தான். தெருக்கோடியில் இருக்கும் ரசாயனக் கம்பெனியின் நாற்றத்தைப் பற்றி ஏழு மனு கொடுத்திருக்கிறார். ஏழுக்கும் ஒரே பதில்: எங்கள் ஆலையில் எந்தக் கசிவும் இல்லை. இன்றைக்கு நாறுவது என் வீடுதான் என்று ஒப்புக்கொண்டால், எட்டாவது மனுவை எவன் வாங்குவான்? இனி இந்தத் தெருவில் பச்சைக் குழந்தை மயங்கி விழுந்தாலும், "சாலமோன் வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்களான்னு பாத்துட்டு வாங்க" என்று சிரித்தே அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த வார்த்தை வாய்வரை வந்து, திரும்பி உள்ளே போய்விட்டது.

"ஆமா, எனக்கும் அடிக்கத்தான் செய்யுது," என்றார்.

"அப்பால இன்னாத்துக்கு நிக்கிற? முன்னால நட!"

அண்ணாச்சி மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "எவனையும் உள்ள விடாத, கேட்டியா?"

அரைமணி நேரத்தில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. நடுரோட்டில், தன் வீட்டு நாற்றத்துக்கு எதிராகத் தானே தலைமை தாங்கி உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி.

"மூடு மூடு... கம்பெனிய மூடு..."

"இன்னா அண்ணாச்சி, ஜெபமா பண்ற? சவுண்டா வுடு!" என்றாள் அங்கம்மா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசைப்படகு டிரைவர் திருமுருகன் அவரை உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, புருவத்துல இன்னா வெள்ளையா கீது? முடியிலயும் கீது! கையிலயும் கீது!"

"ஐயய்யோ! கெமிக்கலு மன்ஷன் மேலயே படிஞ்சிட்ச்சே!" என்று அங்கம்மா அலறினாள்.

அண்ணாச்சி அவசரமாகத் துடைத்தார். பத்து வருஷத்துக்கு உரியாது என்று அவரே சத்தியம் செய்து விற்கிற பெயிண்ட் அது, அசையவில்லை. இருபது செல்போன்கள் அவர் முகத்துக்கு நேரே நீண்டன. அடுத்த சில நிமிஷங்களில் அவருடைய புருவம் மணலி புதுநகர்வரை போய்ச் சேர்ந்தது.

கம்பெனி ஜீப் வந்தது. பாதுகாப்பு அதிகாரி மதி, கையில் ஏதோ மீட்டருடன் இறங்கினார். ஏழு மனுவுக்கும் எட்டிப் பார்க்காத மனுஷன்.

"வாசனை எந்தப் பக்கம் ஜாஸ்தி?"

"அண்ணாச்சி வூட்டாண்டதான் சார். கொடலப் பொரட்டுது!"

கூட்டம் அப்படியே எழுந்து அவர் வீட்டை நோக்கி நடந்தது. அண்ணாச்சி முன்னால் ஓடி வழிமறித்தார். "சார், என் வீட்டுல ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் பாருங்க, அங்கதான் ரொம்ப மோசம்." மீட்டர் அவரைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போயிற்று.

வாசலில் செல்லக்கனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருஷத்தில், கணவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் அவள் செய்தது அன்றைக்குத்தான்.

"யாரும் உள்ள வரப்புடாது! உள்ள பாடி கெடக்கு!"

முன்னால் வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"பாடியா?" அங்கம்மா மூக்கிலிருந்து கையை எடுத்தாள். "யாரோடது?"

"மகிமாவோடதுதான். இன்னும் காயல, எவனும் தொட்டுப்புடாதீங்க..."

முதல் வார்த்தைக்கு அப்புறம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் கண்ணே! காத்தால கூட வணக்கம் சொல்லிட்டுப் போனியே!" திருமுருகன் மாலை வாங்க ஓடினான். அதிகாரி மீட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. மானமாவது மண்ணாவது, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கிறார்களே! அதிகாரியின் கையைப் பிடித்து மாடிப்படிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், ஒரு உண்மையச் சொல்லணும். கோவப்படாதீங்க. இந்த நாத்தம் வந்து..."

அதிகாரி சட்டென்று அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம் சார், எல்லாம் எங்க தப்பு. நேத்து காலைல வால்வு போயிடுச்சு, வெளிய மூச்சு விடாதன்னு மேல சொல்லிட்டாங்க, இப்பவும் லீக் ஆகிட்டுதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்... அந்த கேஸுக்கு வாசனையே கிடையாதே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"