குட் என்ற சொல்லும் எங்கள் ஊர்க் கிணறும்

அன்று கிணற்றடியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரை. கைகட்டி நின்ற ஊர் மணியக்காரர். என் மனைவி பாவாயி. அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள், ஆளுக்கொரு குடத்துடன். கடைசியாக நான். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். ஊரிலேயே இங்கிலீஷ் தெரிந்தவன். (ஒரு சொல் தெரியும்.)

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். கிணறு ஒன்றுதான், அதுவும் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் கரட்டுக் குன்றைச் சுற்றி அடுத்த ஊருக்கு நடந்தார்கள். புதுக் கிணறு கேட்டு மனுப் போட்டிருந்தோம். துரை பார்க்க வந்தார். சீமையிலிருந்து வந்து சில மாதம்தான், தமிழ் தெரியாது. கூட வந்த குமாஸ்தா, வண்டி அச்சு முறிந்து வழியில் நின்றுவிட்டார்.

"நீதான் சாமி பேசோணும்" என்றார் மணியக்காரர்.

"பேசறனுங்க."

அந்தச் சொல்லை நான் கற்றது திருச்செங்கோட்டுப் பஞ்சுக் கிடங்கில், மூட்டை தூக்கியபோது. மேலாளர் பஞ்சைத் தொட்டுப் பார்த்து ‘குட்’ என்பார். மாட்டைப் பார்த்தாலும் குட். காலையில் வந்தால் குட், ராத்திரி போனால் குட். ரொம்பப் பிடித்தால் முன்னால் ஒரு ‘வெரி’. இத்தனைக்கும் ஒரு சொல் போதுமென்றால் மற்றதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். மட்டமான பஞ்சுக்கு அவர் ஒன்றும் சொல்லமாட்டார். காலால் தள்ளுவார். (கிணற்றை எப்படித் தள்ளுவது.)

துரைக்கு வேர்த்துக் கொட்டியது. பாவாயி சொம்பில் தண்ணீர் நீட்டினாள். விடியுமுன் அடுத்த ஊருக்குப் போய் எடுத்து வந்த நல்ல தண்ணீர். வந்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுக்க ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை. கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

துரை சொம்பைக் காலி செய்தார். சொம்பைக் காட்டி, கிணற்றைக் காட்டி, ஏதோ கேட்டார். வந்தவர் கேட்டால் எங்கள் பக்கம் குறை சொல்வதில்லை. வெள்ளாமை கருகிக் கிடந்தாலும் ‘நல்லாருக்குதுங்க’ என்றுதான் வாயில் வரும்.

"குட்" என்றேன்.

துரை புருவத்தைத் தூக்கினார். மறுபடி கிணற்றைக் காட்டினார்.

"வெரி குட்."

துரை நோட்டில் ஒரு வரி எழுதினார். என் முதுகில் தட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.

"கெணறு வந்தாப்பலதான்" என்றார் மணியக்காரர். அவர் கண் கலங்கியிருந்தது. துரைக்குப் போட்டதுபோக மிஞ்சிய மாலையை எனக்குப் போட்டார்கள்.

மத்தியானம் குமாஸ்தா நடந்தே வந்து சேர்ந்தார். வழியில் துரையைப் பார்த்திருக்கிறார்.

"தண்ணி ரொம்ப நல்லாருக்குன்னு சொன்ன ஆளு யாருய்யா?"

மணியக்காரர் என்னைப் பார்த்தார். ஊரே பார்த்தது. நான் மாலையைக் கழற்றினேன்.

"உப்புன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"அந்தச் சொல்லு தெரியாதுங்க."

மனு தள்ளுபடி ஆனது. பாவாயி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தபோது லோட்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தேன்.

"ஏம் புள்ள, இது நம்ம கெணத்துத் தண்ணியல்ல?"

"ஆமாங்க. தொரைகிட்ட நல்லாருக்குன்னு சொன்னீங்கல்ல. குடிங்க. நடந்து எடுத்தாரது நடக்கறவங்களுக்கு."

பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். அங்கேயும் உப்பு. அதற்கடுத்த வீட்டிலும் உப்பு. பெண்கள் பேசி வைத்துவிட்டார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் யாரும் உப்பு என்று சொல்வதில்லை. "இன்னைக்குக் கொழம்பு குட்டுங்க" என்பார்கள். வாயில் வைக்கவே முடியாவிட்டால் வெரி.

பிறகு வேறொரு துரை வந்தார், குமாஸ்தா கூடவே வந்தார், புதுக் கிணறும் வெட்டினார்கள். அதுவரை என் லோட்டாவில் தண்ணீர் மாறவில்லை.

ஆறு கோடை.