ஆறு கட்டம் நகர்ந்த காய்

மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டால் என் வாயிலிருந்து என்ன வருமென்று எனக்கே தெரியாது. இதை முப்பத்தைந்து வயதில், ஒரு விளையாட்டுப் பெட்டி வந்துதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்ட கையோடு கௌரவமாகப் படுத்துத் தூங்கியிருப்பேன்.

கொட்டாம்பட்டியிலிருந்து அக்காவும் மச்சானும் காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மச்சான் ஊரில் விவசாயம் பார்க்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். சாப்பிட்டதும் ஆளாளுக்கு செல்போனை நோண்ட ஆரம்பிக்க, என் மனைவி செல்வி புது போர்டு கேமை எடுத்துப் பிரித்தாள். (வாங்கச் சொன்ன புண்ணியவான் நான்தான்.)

சீட்டில் இருக்கும் சொல்லை நாம் சொல்லாமல் கூட்டாளியின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். கூடவே மூன்று சொற்களை அச்சடித்து, அவற்றையும் சொல்லக்கூடாது என்று போட்டிருப்பார்கள். மணல் தீர்வதற்குள் சொல்லிவிட்டால் சீட்டில் போட்டிருக்கும் எண்ணிக்கைக்குக் காயை நகர்த்தலாம். நானும் அக்காவும் ஒரு கட்சி, செல்வியும் மச்சானும் எதிர்க்கட்சி.

எனக்கு வந்த முதல் சீட்டு, ஒட்டகம். நான் பதறி எழுந்து நின்று, நாலு கால், பெரிசு, மேலே ஏறி உட்காரலாம் என்றெல்லாம் சொன்னேன். அக்கா கட்டில் என்றாள். (அவளைக் குறை சொல்ல முடியாது.) இரண்டாவது சீட்டுக்கு வெறும் மூச்சு மட்டும் விட்டேன். மச்சானோ வரப்பில் நடப்பதுபோல நிதானமாகச் சொல்லிச் சொல்லி, அவர்கள் காயைப் பாதிப் பலகை தாண்டிக் கொண்டுபோய்விட்டார். எங்கள் காய் புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

மூன்றாவது சீட்டும் போனது. மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. எனக்கு இன்னொரு சீட்டு கொடுக்கச் சொல்லி செல்வியிடம் சிபாரிசு செய்தார்.

எடுத்தேன். உண்ணாவிரதம். சாப்பாடு, பசி, காந்தி மூன்றுக்கும் தடை. மணல் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, மச்சானக் கட்டிக்கிற மாட்டேன்னு ரூமுக்குள்ள ரெண்டு நாளு என்ன இருந்த?"

"உண்ணாவிரதம்," என்றாள் அக்கா, பட்டென்று.

நான் கையைத் தூக்கி ஒரு ஆட்டம் போட்டேன். இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தது. பதினெட்டு வருடமாக எங்கள் குடும்பமே பொத்திவைத்திருந்த விஷயம் அது. மச்சான் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், பி.எட். முடிக்காமல் கல்யாணம் வேண்டாமென்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கெஞ்சிக் கூத்தாடித்தான் திறக்கவைத்தார்.

மச்சான் எங்கள் காயை எடுத்து, ஆறு கட்டம் எண்ணி, நகர்த்தி வைத்தார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். "முழுசா இருக்கல மச்சான். ரெண்டாம் நாளு நாந்தான் சன்னல் வழியா நாலு புரோட்டா குடுத்தேன்," என்றேன். (இதில் அவருக்கு என்ன ஆறுதல் இருக்குமென்று நினைத்தேனோ, இன்றுவரை புரியவில்லை.)

மச்சான் அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, படிச்சு முடிக்கட்டும்னு நானே காத்திருப்பேன்ல."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் படிப்பை அவள் முடிக்கவே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது இன்னும் கொஞ்சம் சோறு வேண்டாம் என்றால் போதும், சன்னலில் புரோட்டா வருகிறதா என்று கேட்டுவிடுவார்கள். மச்சானும் சேர்ந்துதான் சிரிக்கிறார்.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா லேசாகச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பிலேயே முடிவு பண்ணிவிட்டேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.