பிரேக்கை மிதித்தால் பாடும் வண்டி

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் விடியற்காலை முதல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஊரே குளிர்ந்திருக்க, மாரிராஜின் தலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

முந்தைய நாள் மாலை தன் பழைய காரில் தன் கையாலேயே அவன் மாட்டிய பாட்டுப்பெட்டி, வண்டியை அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டியது. தேடிப் பிடித்து வைத்த வானொலி நிலையங்களில் ஒன்றையும் காணவில்லை. அவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பெட்டி ஆங்கிலத்தில் வரவேற்றது. வண்டியை ஆறு முறை அணைத்துச் சாவியைத் திருப்பினான். ஆறு முறையும் வரவேற்றது.

"பாட்டு பாடுதுல்லா? அது போதும், விடுங்க," என்றாள் அவன் மனைவி இசக்கிசெல்வி.

"எனக்குப் போதும். ஒங்கய்யாவுக்குப் போதுமா?"

செல்வி பெட்டி வந்த அட்டையைக் கிளறத் தொடங்கினாள்.

அவளுடைய தந்தை வனமாமலை, நாங்குநேரி வட்டாரத்தில் முப்பதாண்டுக் காலம் மைக் செட் வைத்துத் தொழில் செய்தவர். இரண்டாண்டுகளுக்கு முன் மகளின் திருமண மேடையில், கார் ஆலைத் தொழிலாளியான மாப்பிள்ளையைக் காட்டி, "கம்பெனில ஒத்தப் பிளக்கைச் சொருவுத பய. ஒரு ரேடியாப் பொட்டிக்கு ஒழுங்காக் கரண்டு குடுக்கத் தெரியுமாடே இவனுக்கு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அருகிலிருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தபடியால், அக்கேள்வி மூன்று தெருக்களுக்குக் கேட்டது.

அதன்பின் அவர் மகளிடமோ மருமகனிடமோ ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெள்ளிதோறும் செல்வி தொலைபேசியில் அழைப்பாள். தாய் உலகம்மாள் பேசிவிட்டு அவரிடம் கொடுப்பாள். மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பிறகு தொலைபேசி தாயிடமே திரும்பிவிடும். சென்ற பொங்கலன்று, செய்யாத குற்றத்திற்கு மாரிராஜே ஒன்பது நிமிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். அப்போதும் மூச்சுதான் வந்தது.

அந்த மனிதர் இன்று மனைவியுடன் முதன்முறையாக மகள் வீட்டுக்கு வருகிறார். செங்கல்பட்டில் இறங்கி, மின்ரயில் மாறி, பதினொரு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் காத்திருப்பார். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லையாவது பிடுங்கிவிட வேண்டும், அது வசவாக இருந்தாலும் சரி என்பதே மாரிராஜின் உறுதி.

"இந்தச் சீட்டுல மஞ்ச வயருதான் நேரா பேட்டரிக்குன்னு போட்டிருக்கு. செவப்பு சாவிக்காம்," என்று பெட்டியோடு வந்த தாளைச் செல்வி நீட்டினாள்.

"எங்க லைன்ல செவப்புதான் பேட்டரி. ஆறு வருசமா ஷிப்டுக்கு நானூறு வண்டி பாக்குதேன். துண்டுச் சீட்டு எனக்கு வாத்தியாரா?"

ஆயினும் சந்தேகம் அவனைக் குடைந்தது. ஆதலால் சீட்டுக்கும் பணியாமல், தன் சொல்லையும் விடாமல், நடுவழி ஒன்றைக் கண்டான். இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி நேராகப் பேட்டரியிலேயே கட்டினான். சாவியை உருவியும் பெட்டி பாடியது. எதையும் மறக்கவில்லை.

"கேட்டியா? பாடட்டும், சோதனை ஓட்டம்," என்று கூறிவிட்டுக் குளிக்கச் சென்றான். குளித்து, இட்லி தின்று, சட்டைக்கு இஸ்திரி போட்டு, சட்டை மடிப்பைப் பற்றி மனைவியிடம் ஒரு சண்டையும் முடித்து அவன் திரும்பியபோது மணி ஒன்பது நாற்பது. பாட்டு நின்றிருந்தது. சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை.

வீட்டுக்காரர் எல்லப்பன் பல் துலக்கியபடி வந்தார்.

"இன்னா மாரி, வண்டி ஏந்துக்கலியா?"

"பேட்டரி எறங்கிருச்சு அண்ணே."

"சாவி இல்லாமயே பாடிக்கினு இருந்துச்சே, அப்பவே நெனச்சேன். நீ பாட்டுப் பொட்டி வைக்கல நைனா, ரத்தம் உறிஞ்சற அட்டையைப் புடிச்சி வுட்டுகீற."

"நெனச்சா சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"சொன்னா நீ கேட்டுட்டுதான் மறுவேலை பாப்ப."

மாரிராஜ் பல்லைக் கடித்தான். செல்வியும் எல்லப்பனும் தெருச் சரிவில் வண்டியைத் தள்ள, இயந்திரம் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. இனி அதை அணைக்கக் கூடாது. சிவப்புக் கம்பியைப் பிரித்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் சீட்டு சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அண்ணே, நீங்க சீட்ல உக்காந்து வண்டி உருளாமப் பாத்துக்கிடுங்க."

எல்லப்பன் ஏறி அமர்ந்து பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டார். மாரிராஜ் அவர் காலடியில் தலையை நுழைத்து, சோதனை விளக்கால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். ஒரு கம்பியில் விளக்கு பளிச்சென எரிந்தது.

"சீக்கிரம்பா, கால் மரத்துப் போச்சு," என்றார் எல்லப்பன்.

"காலைப் பத்தி அப்புறம் பேசலாம். கம்பி கெடச்சிட்டு."

சிவப்பை அதில் முறுக்கினான். பெட்டி பாடியது. எல்லப்பனைத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டு, வண்டியில் ஏறிப் பறந்தான்.

நெடுஞ்சாலையில் பாட்டு இல்லை. பெட்டியைக் குத்தினான். அசையவில்லை. எதிரே மாடு ஒன்று வர, பிரேக்கை மிதித்தான். "முருகா" என்று பெட்டி அலறியது. காலை எடுத்தான். நின்றது. மிதித்தான். விட்ட இடத்திலிருந்து அதே உரத்த குரலில் தொடர்ந்தது. மறதி நோய் மட்டும் முற்றிலும் குணமாகியிருந்தது.

எல்லப்பனின் மரத்துப்போன காலின் பொருள் மாரிராஜுக்கு அப்போது விளங்கியது. அவர் மிதித்திருந்ததால் மட்டுமே மின்சாரம் வந்த அந்தக் கம்பி, பிரேக் விளக்குக்குப் போகும் கம்பி. நிறுத்திச் சரிசெய்ய நேரமில்லை. உள்ளூர்ச் சொற்களில் நான்கைந்தை உரக்கக் கூறிக்கொண்டே ஓட்டினான்.

சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தின் வாசலில் வெள்ளை வேட்டியுடன் வனமாமலை நின்றிருந்தார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முன்னிருக்கையில் ஏறினார்.

"நல்லாருக்கியளா மருமவனே?" என்றபடி உலகம்மாள் பின்னால் ஏறினாள்.

"இருக்கேன் அத்த. பிரயாணம் நல்லாருந்துச்சா மாமா?"

மாமா சாலையைப் பார்த்தார்.

வேகத்தடை வந்தது. "வேலா" என்றது பெட்டி. பள்ளம் வந்தது. "வடி" என்றது. அடுத்த பள்ளத்தில் "வேலா" என்று முடித்தது. மாரிராஜ் ஓரக்கண்ணால் பார்த்தான். மாமனாரின் முகத்தில் சிறு சுளிப்பும் இல்லை. ஒரகடம் கூட்டுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, பிரேக்கிலிருந்து காலை எடுக்க வழியின்றி ஒரு முழுச் சரணமும் காது கிழியப் பாடி முடிந்தது. பக்கத்து ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வனமாமலை சிலைபோல் அமர்ந்திருந்தார்.

அந்த மௌனத்தில் மாரிராஜின் இரண்டாண்டுப் பொறுமை வெடித்தது. கூட்டுச்சாலையைக் கடந்ததும் சமதளமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

"ஆமா மாமா, எனக்குப் பொட்டி கட்டத் தெரியல. கரண்டு குடுக்கத் தெரியல. ஒத்தப் பிளக்குதான் சொருவத் தெரியும். ரெண்டு வருசமா உங்க மக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை வச்சிட்டு அழுதா. மனுசன்னா வாயைத் தொறந்து நாலு வார்த்தை ஏசணும். இப்படி மூச்சு விட்டே கொல்லக் கூடாது. ஏசுங்க. ஏசினாத்தான் வண்டி நகரும்."

வனமாமலை மெல்லத் திரும்பினார். மருமகனின் சிவந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர, அவன் தோளில் தட்டினார்.

"வண்டி நல்லாருக்கு மாப்ளே. சத்தமே இல்லாமப் போவுது."

மாரிராஜ் வாய் பிளந்தபடி பின்னால் திரும்பினான். உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய சொல்லப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ மருமவனே. கல்யாணம் முடிஞ்ச மாசத்துலயே அவாளுக்கு ரெண்டு காதும் அடைச்சிட்டு. என்ன கேக்கியன்னே தெரியாம அவாளும் என்னத்தைப் பதில் சொல்லுவாவ?"

அப்போது நேரம் முற்பகல் பதினொன்று நாற்பத்தேழு.