வேனில் ஏறாத இருவர்

சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது. எனக்கு மைக் ஆகாது. கையில் கொடுத்துவிட்டால் உடம்பெல்லாம் ஒரு அரிப்பு கிளம்பி, யாரையாவது இரண்டு வார்த்தை சொன்ன பிறகுதான் அடங்கும். இது தெரிந்திருந்தும், என் மகள் ஹேமா பத்தாம் வகுப்பு படித்த வருடம், பொதுத்தேர்வுக்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னிடம் மைக்கை நீட்டினார். படித்தவன், கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கிறவன், நாலு நல்ல வார்த்தை பேசுவான் என்று நம்பினார். பாவம்.

நான் எடுத்த எடுப்பிலேயே ஆசிரியர்களின் வேலை நேரத்துக்குப் போய்விட்டேன். "நாங்கல்லாம் முழுநேர வேலை பார்க்கிறவங்க. நீங்க ஒன்பதுக்கு வர்றீங்க, நாலரைக்குக் கெளம்பிடறீங்க. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மே மாசம் முழுக்க லீவு. இதுல எங்கங்க கஷ்டம்?" என்றேன். பெற்றோர் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. கைதட்டல் வந்தால் எனக்கு இன்னும் ஆகாது. "எங்க வேலையில ஒரு நாள் இருந்து பாருங்க, தெரியும்" என்று முடித்தேன். (எங்கள் வேலையில் ஒரு நாள் இருந்து பார்த்தால் இரண்டு டீயும் ஒரு வடையும் கிடைக்கும். அதை நான் சொல்லவில்லை.)

ஹேமாவின் வகுப்பாசிரியை கலைவாணி டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் வினை. கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"சார், உங்ககிட்ட வேன் இருக்குதுல்ல?"

"இருக்குது மேடம்."

"கணக்குப் பரீட்சை அன்னிக்கு ஒரே ஒரு உதவி. காவேரின்னு ஒரு பொண்ணு, நெல்லிவாசல் நாட்டுல உள்ள இருக்குது அவங்க ஊரு. பஸ்ஸு வந்தா வரும், இல்லன்னா இல்ல. தினம் நாந்தான் ஸ்கூட்டர்ல போய்க் கூட்டினு வர்றேன். அன்னிக்கு எனக்கு வேற பக்கம் ரெண்டு பசங்களக் கொண்டாரணும். நீங்க ஹேமாவக் கூட்டினு வர்றப்ப அவளையும் ஏத்திக்கினு தேர்வு மையத்துக்கு வந்துட்றீங்களா?"

"ஒரு பொண்ணுதானா?" என்று கேட்டேன். அந்த 'தானா'வில் எவ்வளவு நக்கல் இருந்தது என்பதை இன்றைக்கும் ஹேமா நடித்துக் காட்டுவாள்.

நான் செங்கத்துக்காரன். சமதரையில் வண்டி ஓட்டிப் பழகியவன். மாற்றலாகி, நாலைந்து ஊர் சேர்ந்தாலே நாடு என்று சொல்கிற இந்த மலைக்கு வந்தபின், பழைய வேன் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதன் இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயே இருக்கும். மேடு ஏறும்போது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதே கேட்காது. அதுவரை அதை ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன்.

தேர்வு நாள் விடிந்ததும் கிளம்பினோம். ஹேமா முன் இருக்கையில் உதட்டை அசைத்து அசைத்து சூத்திரங்களை உருப்போட்டுக்கொண்டு வந்தாள். காவேரி ஊர் முனையிலேயே தயாராக நின்றாள். ஒல்லியான பெண், எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "குட் மார்னிங் சார்" என்று பின்னால் ஏறினாள். இவ்வளவுதானே ஆசிரியர் வேலை என்று நினைத்தபடி முதல் கியரைப் போட்டேன்.

வண்டி நகரவில்லை. முன்னால் ஒருவர் நின்றிருந்தார்.

"சார், ரோட்டு வரிக்கும்" என்றார் அவர். இரண்டு புளிமூட்டைகள் அவருக்குப் பக்கத்தில் இருந்தன. மலையில் காலியாகப் போகும் வண்டி என்று ஒன்று கிடையாது. ஒரு வண்டி ஊருக்குள் வந்தால் அது ஊருக்கே வந்த வண்டி. நான் வாயைத் திறப்பதற்குள் மூட்டைகள் ஏறிவிட்டன. பின்பக்கக் கண்ணாடி முழுக்கப் புளி. அடுத்து ஒரு அக்கா, இரண்டு கோழிகளோடு. கடைசியாக ஒரு வயதான அம்மா, ஆஸ்பத்திரிக்கு. "பின்னாடி உக்காந்தா எனக்குக் கொமட்டும் சாமி" என்றார். ஹேமா எழுந்து அவருக்கு முன் இருக்கையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைக்கு ஆயுள் ஒரு மணி நேரம்.

சற்று தூரத்தில் புளிமூட்டைக்காரர் பீடி வாங்க நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கோழி அக்கா தங்கச்சி வீட்டில் ஒரு சேதி சொல்ல நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். சேதி நீண்டது. கதவருகே நின்று இரண்டு பேரும் யாரோ ஒருவருடைய மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணிக்குத் தேர்வு. அதற்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். பின்னால் இருப்பது இரண்டு பெண்களுடைய ஒரு வருட உழைப்பு. அக்கா திரும்பி வந்து ஏறியதும் நான் வெடித்தேன்.

"இதான் கடைசி! இனிமே யாரு நிறுத்துங்கன்னு சொன்னாலும் வண்டி நிக்காது. என் தோளத் தொட்டாலும் நிக்காது. நேரா மையந்தான்!"

"அதுக்கு ஏன் சார் கத்தறீங்க, கோழி பயப்படுதில்ல" என்றார் அக்கா.

அதன் பிறகு வந்தது அந்த ஏற்றம். செங்குத்தாக, நடுவில் தண்ணீர் அரித்த பள்ளத்தோடு. பாதியில் இன்ஜின் திணறி நின்றது. வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. இடது பக்கம் பள்ளத்தாக்கு. கீழே இருக்கும் மரங்களின் உச்சி எனக்குக் கண்மட்டத்தில் தெரிந்தது. பிரேக்கின் மேல் ஏறக்குறைய எழுந்தே நின்றேன்.

"எல்லாரும் எறங்குங்க!" என்றேன். வயதான அம்மா மட்டும் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உரத்த குரலில் சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்.

மலையில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆட்கள் தள்ளுவார்கள், ஒருவர் கல்லோடு பின்னாலேயே நடந்து, வண்டி ஏறும் ஒவ்வொரு அடிக்கும் சக்கரத்தின் பின்னால் கல்லை வைப்பார். வண்டி நழுவினால் கல் தாங்கும். காவேரி சொல்லாமலே ஒரு கல்லை எடுத்துவிட்டாள். இன்னொரு கல்லை ஹேமாவின் கையில் கொடுத்து, "நீ அந்தச் சக்கரம்" என்றாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வானம் மட்டும்தான். வண்டியின் மூக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தள்ளினார்கள். நின்றது. தள்ளினார்கள். திடீரென்று இன்ஜின் உயிர்பெற்றுக் கர்ஜித்தது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்ற பயத்தில், "ஓடியாந்து ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்திக்கொண்டே வண்டியை மேலே ஏற்றினேன். கதவு தடதடத்தது. பொத் பொத்தென்று ஆட்கள் உள்ளே வந்து விழும் சத்தம் கேட்டது. கோழிகள் கொக்கரித்தன. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் வண்டி பாய்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெற்றியில்.

அப்போதுதான் பின்னாலிருந்து, "சார்! நிறுத்துங்க சார்!" என்று குரல் வந்தது.

"முடியாது!" என்றேன்.

இன்ஜின் இரைச்சலில் இன்னும் ஏதோ சொன்னார்கள். பக்கத்தில் அந்த அம்மா முருகனிலிருந்து மாரியம்மனுக்கு வந்திருந்தார். என் காதில் 'நிறுத்துங்க' மட்டும்தான் விழுந்தது. மறுபடி பீடி, மறுபடி தங்கச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கை என் தோளைத் தொட்டது. "தொட்டா பள்ளத்துலதான் போவும்!" என்று அலறினேன். கை பின்வாங்கியது. அதன் பிறகு வண்டிக்குள் ஒரு பெரிய அமைதி. ஒழுங்குமுறை என்றால் இதுதான், வாத்தியார்களுக்கு நான் வகுப்பெடுக்கலாம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

மையத்தின் வாசலில் கலைவாணி டீச்சர் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். அவரைச் சுற்றிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். நேரம் இருந்தது. நான் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கொண்டாந்துட்டேன் மேடம்!" என்று பின்கதவை ஒரு வீச்சில் திறந்தேன்.

முதலில் ஒரு கோழி இறங்கியது. பிறகு அக்கா. பிறகு புளிமூட்டைக்காரர், பீடியோடு.

"ஹேமா எங்க சார்?" என்றார் டீச்சர். "காவேரி?"

நான் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தேன். இருக்கைக்கு அடியில்கூடப் பார்த்தேன். என்னைப் பெற்றவர்கள் அப்போது உயிரோடு இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

"மேட்டுலயே உட்டுட்டு வந்துட்டீங்களே சார்" என்றார் புளிமூட்டைக்காரர் நிதானமாக. "கல்லு வெச்சினு பின்னாடி நின்னுச்சுங்க ரெண்டும்."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னமே. நீங்கதான் நிக்க மாட்டேன்னீங்க. பெத்த பொண்ணயே உட்டுட்டுப் போறாருன்னா, டீச்சரு பின்னாடி வர்றாங்க போல, எதோ ஏற்பாடு இருக்கும்னு நெனச்சிக்கினோம்."

வண்டியை எடுக்க ஓடினேன். சாவி துளைக்குள் போகவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தேன். டீச்சர் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க ஓட்டிக்கினு போனா உங்களையும் நான் தேடணும். இங்கயே இருங்க. இந்தப் பசங்களப் பாத்துக்கோங்க. மணி அடிச்சா உள்ள அனுப்புங்க. ஹால் டிக்கெட்டு இதோ" என்று ஒரு பையை என் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வளைவில் மறைந்தார்.

அந்த அரைமணி நேரத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். போன் செய்ய அந்த ஏற்றத்தில் சிக்னல் கிடையாது. இருந்தாலும் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளிடம் போன் கிடையாது. வெறும் காடு. நான் சாலையைப் பார்க்கிறேன், யாரோ சட்டையை இழுக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு வாந்தி. ஒருவனுடைய பேனா எழுதவில்லை. ஒருத்தி ஜியாமெட்ரி பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, அதை இப்போதுதான் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எல்லாரும் "சார், சார்" என்றார்கள். நான் யாருக்கும் சார் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒருவன் மட்டும் அமைதியாக நின்றான். அவனையாவது உற்சாகப்படுத்தலாம் என்று, "கூம்போட கன அளவு சொல்லு பாப்போம்" என்றேன். அவன் முகம் வெளுத்தது. "அது நேத்து வரிக்கும் தெரிஞ்சுது சார்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இப்படியாக இருந்த ஒரே தைரியசாலியையும் நானே ஒழித்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது தொற்றியது. "கூம்பா? கூம்பு வருமா சார்?" என்று ஒரு ஓலம். வாசல் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "புது வாத்தியாரா?" என்றார்.

முதல் மணி அடித்தது. ஹால் டிக்கெட்டுகளைக் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். கடைசியில் பையில் இரண்டு மிஞ்சின. அவற்றில் ஒன்றில் என் மகளின் புகைப்படம். படம் எடுக்கும்போது சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போல, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். போலீஸ்காரர் கேட்டின் ஒரு கதவைச் சாத்தினார். "இன்னும் ரெண்டு பேரு சார், வந்துட்டே இருக்காங்க" என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

அவர் இரண்டாவது கதவில் கை வைத்தபோது, வளைவில் ஹாரன் சத்தம். ஸ்கூட்டரில் மூன்று பேர். டீச்சர் நிறுத்துவதற்குள் இருவரும் குதித்துவிட்டார்கள். சீருடையெல்லாம் செம்மண். காவேரி என் கையிலிருந்து இரண்டு ஹால் டிக்கெட்டையும் வாங்கினாள். ஹேமா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடினார்கள். அவர்கள் பின்னால் கேட் மூடியது.

நான் அங்கிருந்த மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. நான் ஏதோ மன்னிப்பு போல ஆரம்பித்தேன்.

"அப்பறம் பேசலாம் சார். ஒன்பதாம் கிளாசுக்கு மொத பீரியடு போய்டுச்சு, ரெண்டாவதாச்சும் எடுக்கணும்" என்று வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "காவேரிய சாயங்காலம் திரும்ப வூட்ல உடணும். அதுவும் சேத்துத்தான் சொன்னேன்." வேன் சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

தேர்வு முடிந்து வெளியே வந்த காவேரி வேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவால்ல சார், நான் நடந்தே போய்க்கறேன்" என்றாள் மிக மரியாதையாக. அவளைச் சமாதானப்படுத்தி ஏற்ற ஒரு டீயும் இரண்டு பன்னும் தேவைப்பட்டன.

இருவரும் தேறினார்கள். கணக்கில் காவேரி ஹேமாவைவிட அதிகம். ஆசிரியர்கள் மற்றவர்களைப் போல உழைக்கிறார்களா என்ற விவாதம் இன்றும் எங்கள் அலுவலகத்தில் டீ நேரத்தில் நடக்கிறது. (டீ நேரம் எங்களுக்குக் கொஞ்சம் நீளம்.) மே மாத விடுமுறை எனக்கு இப்போதும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த விவாதத்தில் நான் கலந்துகொள்வதில்லை. எழுந்து போய் டம்ளரைக் கழுவுவேன்.

நான் இன்னும் மீளாத விஷயம் வேறு. ரொம்ப நாள் கழித்து ஹேமா சொன்னாள். வேன் உச்சியைத் தாண்டி மறைந்ததும், "உங்கப்பா நம்மள மறந்துட்டாரா?" என்று காவேரி கேட்டாளாம். இவள், "இல்லல்ல, திருப்பறதுக்கு எடம் தேடறாரு" என்றாளாம். டீச்சரின் ஸ்கூட்டர் வருகிறவரை இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் இவள் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த வாரமே என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். "ஏங்க, வருகைப் பதிவு எடுக்காம இந்த வண்டி வாசலத் தாண்டக் கூடாது." அன்று முதல் கோவிலுக்குப் போனாலும், கடைக்குப் போனாலும், சாவியைத் திருப்புமுன் நான் பெயர் கூப்பிட வேண்டும். மனைவி, மகள், விருந்தாளியாக வந்த என் மைத்துனர் உட்பட எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைப் பார்த்ததுமே சிலர் கையைத் தூக்குகிறார்கள்.

ஹேமா இப்போது வேலூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் அவளை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பஸ் நகர்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"உள்ளேன் ஐயா!"