பெண் பார்க்கப் போன இடத்தில் பாலைவனம்

புத்தகம் வாசிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது வாசித்ததையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். முப்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பனிக்காலத்தில் இருட்டில் போய் இருட்டில் திரும்புவேன். அப்போதுதான் நூலகத்தில் அமெரிக்கப் பாலைவனங்களைப் பற்றிய புத்தகமொன்று அகப்பட்டது. சிவப்புப் பாறை, கண்ணுக்கெட்டிய மட்டும் வெயில். அந்த வெயிலுக்கு நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமல்ல. அதன்பின் பாம்பு, கள்ளி, தங்கம் தேடிப்போய்ச் செத்தவர்கள் என்று ஒரு புத்தகத்தையும் விடவில்லை. (நோர்வேஜிய மொழிப் பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.)

ஒஸ்லோவிலேயே வெஸ்ட்லிப் பக்கம் அக்கா எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். பெயர் சுகந்தி. நாங்கள் பார்க்கப் போன அன்று தேநீரைத் தந்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். என் கதை அதோடு முடிந்தது. கட்டினால் இவளைத்தான்.

“வேலையில்லாத நேரங்களில தம்பி என்ன செய்யிறனீங்கள்?” என்றார் தகப்பனார்.

“புத்தகம் வாசிக்கிறனான், அங்கிள்.”

“என்ன புத்தகம்?”

அக்கா என் காலை மிதித்தார். சுகந்தி கதவடியில் நின்று கேட்கிறாள், எப்படி நிறுத்துவது? கள்ளி கிளை விட எத்தனை வருசம் செல்லும், பாம்பு எப்படி வாலை ஆட்டும் என்று அரை மணித்தியாலம் விளாசினேன்.

“அப்ப தம்பிக்கு அங்கை போய் இருக்க விருப்பமோ?”

“ஓம் அங்கிள். ஒரு மரக்கொட்டில் இருந்தாக் காணும். ஒருத்தரோடயும் கதையில்லை. தனிய இருக்கோணும்.”

தாயார் கோப்பையைக் கீழே வைத்தார். “தம்பி மச்சம் சாப்பிடுறனீங்களோ?”

அது சுத்த சைவ வீடு என்று அக்கா முதலே சொல்லியிருந்தார். நல்ல பெயர் எடுக்க வேண்டுமே. “விட்டிட்டன், அன்ரி” என்றேன். (மத்தியானம்தான் கோழிக்கறி.)

அடுத்த நாள் அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. “பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனா அது சந்நியாசம் போற பிள்ளை. பிறகு எங்கட மகள் ஆரோட இருக்கிறது?”

“அது சும்மா புத்தகத்தில வாசிச்ச கதை,” என்று அக்கா எவ்வளவோ சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. நானாவது எடுத்துப் பேசியிருக்கலாம். உண்மையில் நான் அளந்துகொண்டிருந்தபோதே அந்தக் கொட்டிலில் மனதுக்குள் சுகந்திக்கும் சேர்த்து இரண்டு கதிரை போட்டாயிற்று. பெண்ணின் தகப்பனிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் ‘தனிய’ என்று சொல்லித் தொலைத்தேன். மூன்று மாதத்தில் சுகந்தி கலியாணம் முடித்து பேர்கனுக்குப் போய்விட்டாள்.

பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது. முதல் கிழமையே அக்கா கதை முழுவதையும் என் மனைவிக்கு ஒப்புவித்துவிட்டார். இன்றைக்கும் கோழிக்கறிச் சட்டிக்கு நான் கை நீட்டினால் போதும், “சந்நியாசியாருக்கு ஒரு கால் போடுங்கோ அம்மா” என்று மகள் தொடங்குவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அமெரிக்கா தூரம், போகக் கிடைக்கவில்லை. பேர்கன் ரயிலில் ஏழு மணித்தியாலம்தான். அங்கேயும் நான் போனதில்லை.